ஒரே டிரான்ஸ்பார்மர்

கொழுந்தன் கட்டிய புதுக் கோழிக் கொட்டகையின் மின்விசிறிகள் ஆத்தாயியின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம். வரிசையாக நின்று, கொட்டகைக்குள் இருக்கிற சூட்டையும் நாற்றத்தையும் இழுத்து வெளியே தள்ளும். காற்று வாட்டம் பார்த்துத்தான் அந்தப் பக்கம் வைத்ததாக நவநீதகிருஷ்ணன் சொன்னான். தன் வீட்டைப் பார்த்துத்தான் வைத்தான் என்று ஆத்தாயி சொன்னாள். கம்பெனிக்காரன் வரைந்து கொடுத்த படத்தில் ஆத்தாயியின் வீடே கிடையாது. ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்ல யாரும் துணியவில்லை.

வெண்ணந்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தன அண்ணன் தம்பி தோட்டங்கள். நடுவே ஒரு வரப்பு, வரப்பின் மேல் ஒரு டிரான்ஸ்பார்மர். பாகம் பிரித்தபோது கிணற்று முறை, களம், புளியமரத்தின் கிளை வரைக்கும் பிரித்தார்கள். டிரான்ஸ்பார்மரை மட்டும் பிரிக்க முடியவில்லை. மூத்தவர் சின்னண்ணன், ஆத்தாயியின் கணவர். பழைய திறந்த கொட்டகைகளும் தீவன மில்லும் அவர் பங்குக்கு வந்தன. இளையவன் நவநீதகிருஷ்ணன் காலி நிலத்தை வாங்கிக்கொண்டு, பேங்கில் கடன் போட்டு, நாலு பக்கமும் அடைத்த புதுமாதிரிக் கொட்டகை கட்டினான். ஒரு பக்கம் ஈர அட்டை, மறுபக்கம் மின்விசிறி. வெளியே தார் உருகினாலும் உள்ளே கோழிக்கு மார்கழி மாதம்தான்.

"மனுசனுக்கு இல்லாத குளுரு கோழிக்கு" என்று ஆத்தாயி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆத்தாயிக்குப் பொறாமை உண்டு. அதை ஒளித்து வைக்கிற ரகமும் அவள் இல்லை. ஓரகத்தி தனப்பிரியா, நவநீதகிருஷ்ணனின் மனைவி, கண்ணாடி போட்ட கேஸ் அடுப்பு வாங்கினால், "அதுல கொள்ளு வேகுமா" என்று கேட்பாள். அடுத்த மாதம் ஆத்தாயி வீட்டில் அதைவிட ஒரு பர்னர் அதிகமாக அடுப்பு வந்திருக்கும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். மகள் கனிஷ்கா கோயமுத்தூரில் வேலையாக இருந்தாள். மூன்றாவது பர்னரில் எதை வைப்பது என்று தெரியாமல் ஆத்தாயி சும்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுப்புக்குப் போட்டி போடலாம். கொட்டகைக்குப் போட்டி போட முடியுமா? சின்னண்ணன் கடன் என்ற பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆக, ஆத்தாயிக்கு மிஞ்சியிருந்தது மில் ஒன்றுதான். மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் கருவாட்டையும் அரைத்துக் கலக்கிற தீவன மில். அதை அவளே ஓட்டினாள். மாவு நிறத்தையும் மணத்தையும் வைத்தே எது குறைகிறது என்று சொல்லிவிடுவாள். தனப்பிரியாவின் புதுக் கோழிகளும் அந்த மில்லில் அரைத்ததைத்தான் தின்றாக வேண்டும். மக்காச்சோள மூட்டை ஏற்றிய வண்டியோடு தனப்பிரியா வந்து நிற்பாள். மில் சும்மாதான் இருக்கும். ஆனாலும் ஆத்தாயி, "சித்த நேரம் நில்லு சாமி, மோட்டாரு ஆறட்டும்" என்பாள். நிழல் கிடையாது. தனப்பிரியா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பாள். ஆத்தாயி உள்ளே உட்கார்ந்து மோர் குடிப்பாள். அந்த மோர் அவளுக்கு அமிர்தமாக இருந்தது.

புதுக் கொட்டகைக்குப் பால் காய்ச்சிய அன்று சந்தவையும் தேங்காய்ப்பாலும் பரிமாறினார்கள். தின்று முடித்த ஒரம்பரைச் சொந்தக்காரக் கூட்டம் பேனல் ரூமைப் பார்க்கப் போனது. சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பெட்டிகள், பச்சை எழுத்தில் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் டிரைவுங்க்கா" என்றாள் தனப்பிரியா. "சூட்டுக்குத் தக்கன ஃபேனு வேகத்தக் கூட்டும், கொறைக்கும். கரண்டு மிச்சமுங்க."

"அந்த டப்பா?"

"கெப்பாசிட்டருங்க. கரண்டு வீணாப் போகாம இருக்கறதுக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாயி சேலையைக்கூட மாற்றாமல் எலெக்ட்ரீஷியன் ராசுவுக்குப் போன் போட்டாள். மில்லில் அதற்கு முன்பே மோட்டாருக்கு வேண்டிய அளவு கெப்பாசிட்டர் இருந்தது. ராசு அதைத்தான் சொன்னான்.

"போதுமுங்க அம்மிணி, உங்க மோட்டாருக்கு இதுவே சாஸ்தி."

"அவங்களுது எத்தன இருக்குது?"

"அது அவங்க லோடுக்குங்க."

"அதுல ரெண்டு பங்கு போடு. பேனலு பெருசா இருக்கோணும். வெக்கச் சொன்னா வெய்யி சாமி."

ராசு வைத்தான். மில் சுவரில் கதவளவுக்கு ஒரு பேனல் ஏறியது. ஆத்தாயி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப்பூச் சரம் போட்டாள். அடுத்த முறை தனப்பிரியா அரவைக்கு வந்தபோது, வெயிலில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பேனலுக்கு எதிரே.

பங்குனி வெயில் ஏற ஏற எதிர்க் கொட்டகையின் மின்விசிறிகள் வேகமெடுத்தன. அதோடு ஆத்தாயியின் மோட்டாரும் மாறியது. கை வைத்தால் சுட்டது. முன்பெல்லாம் ஒரே சீராக ஓடியது, இப்போது உறுமிக்கொண்டே ஓடியது. லைட் விட்டு விட்டு மின்னியது. அந்தப் பக்கமும் நிம்மதி இல்லை. டிரைவ் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது, 'ஓவர் வோல்டேஜ்' என்று எழுத்து வருகிறது, காத்தான் ஓடி ஓடிப் போய்ப் பட்டனை அமுக்கி ஓட்டுகிறார் என்று பேச்சு வந்தது. காத்தான் அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற ஆள், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

அதைக் கேட்டதும் ஆத்தாயிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் கண்தான் என்று நினைத்தாள். இத்தனை நாள் பார்த்த பார்வைக்கு இவ்வளவாவது வேண்டாமா? அன்றைக்குக் கொள்ளுப் பருப்புக் கடைந்து, நெய் ஊற்றி, சின்னண்ணனுக்கு இரண்டாந்தரம் பரிமாறினாள். எதற்கு இந்த உபசாரம் என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அரவை நடந்துகொண்டிருந்தபோது மில்லில் டமார் என்று ஒரு சத்தம். பேனல் கதவு திறந்துகொண்டது. ஒரு கெப்பாசிட்டர் வயிறு வெடித்து எண்ணெய் வழிந்தது. கருகிய நாற்றத்தில் தும்மல் வந்தது. ஆத்தாயி வெளியே ஓடி வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ கண்ணு" என்றாள். "உள்ள கூட்டி உக்கார வெச்சனே, நேருக்கு நேராப் பாத்தாளே."

அன்று அந்திப் பொழுதோடு வரமிளகாயும் கல்லுப்பும் மூன்று முறை மில்லைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வரப்புக்கு அந்தப் பக்கம் தனப்பிரியாவும் அதே நேரத்தில் டிரைவ் பெட்டிகளுக்குச் சுற்றி மிளகாயைப் போட்டாள். இரண்டு பக்கத்துப் புகையும் வரப்பில் கலந்து, நடுவில் மாடு கட்டிக்கொண்டிருந்த சின்னண்ணனுக்கு இருமல் அடங்கவில்லை. இருமி முடித்தவர் நேரே தம்பியிடம் போனார்.

"கிருஷ்ணா, கண்ணும் மண்ணும் இல்ல. வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரக் கூப்புடு. இல்லீன்னா எனக்கு நெஞ்சு அடச்சுப் போயிரும்."

இரண்டு நாளில் சேலத்திலிருந்து அறிவுச்செல்வி வந்தாள். டிரைவ்கள் போட்ட இடங்களில் கரண்டின் தரத்தை அளந்து சொல்கிற எஞ்சினியர். வாழப்பாடிப் பெண், பேச்சில் இந்தப் பக்கத்து இழுவை இல்லை. ஸ்கூட்டரில் வந்திறங்கி, டிபன் பாக்ஸ் அளவு மீட்டரை எடுத்து, வயர்களைச் சுற்றிக் கவ்விகளை மாட்டினாள். இரண்டு பேனலிலும் அளந்தாள். பிறகு எல்லோரையும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்த வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டு, மீட்டரின் திரையைக் காட்டினாள். ஒரு அலை உருண்டையாக இருந்தது. இன்னொன்று கொம்பு கொம்பாகக் குத்திக்கொண்டு நின்றது.

"லைன்ல வர்ற கரண்டு இந்த உருண்டை மாதிரி ஏறி இறங்கும்ங்க. டிரைவுக்குள்ள ரெக்டிபையர்னு ஒண்ணு இருக்கு. ஏசியை டிசியா மாத்தறது அதுதான். மாத்தினாத்தான் ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். ஆனா அது அலை முழுக்கக் கரண்டு வாங்காது. உச்சிக்கு வரும்போது மட்டும் வெடுக்குனு இழுக்கும். மத்த நேரம் சும்மா இருக்கும். அதான் இந்தக் கொம்பு."

"கொழாயடியில ஒருத்தி மட்டும் மோட்டாரு வெச்சு உறிஞ்சற மாதிரியா?" என்று கேட்டாள் ஆத்தாயி.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

ஆத்தாயி தனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த டிரான்ஸ்பார்மரே எரிந்திருக்க வேண்டும். "கேட்டுக்கிட்டயா? உறிஞ்சறது யாருன்னு கேட்டுக்கிட்டயா?"

"இருங்கம்மா, அது பாதிதான்" என்றாள் அறிவுச்செல்வி. "இப்படி வெடுக்கு வெடுக்குனு இழுக்கறதுல, ஒழுங்கான அலையோட வேகமான பொடி அலையெல்லாம் சேர்ந்துக்கும். ஹார்மோனிக்ஸ்னு பேர். மோட்டார் சூடாகறது அதனாலதான், இப்படியே விட்டா புகைஞ்சு போயிடும். அந்தப் பொடி அலைக்குக் கெப்பாசிட்டர் சுலபமான வழி. ஓடி வந்து அதுல புகுந்துக்கும். அளவோட இருந்தா பரவாயில்லை. உங்க மில்லில தேவைக்கு மேல மாட்டி வெச்சிருக்கீங்க. அதுவும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து பொடி அலையை ஊதிப் பெருசாக்குது. மில் ஓடாதப்போ இன்னும் மோசம், வோல்டேஜும் ஏறிடும். அவங்க டிரைவ் நிக்கறது அதனாலதான். உங்களுது வெடிச்சதும் அதனாலதான். யார் இவ்வளவு போடச் சொன்னது?"

சின்னண்ணன் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"என்ன பண்ணோணுமுங்க?" என்று கேட்டான் நவநீதகிருஷ்ணன்.

"ஒவ்வொரு டிரைவுக்கு முன்னாடியும் ஒரு சோக் போடணும். இரும்புல செம்புக்கம்பி சுத்தினதுதான். வெடுக்குனு இழுக்க விடாது, நிதானமா வாங்க வைக்கும். மில்லில பாதி கெப்பாசிட்டரைக் கழட்டிட்டு, மீதிக்கு ஒரு சோக். நம்பர் தர்றேன், கோயமுத்தூர்ல சொன்னா செஞ்சு அனுப்புவாங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணாச் சொல்லிடுங்க. அது வர்ற வரைக்கும், அம்மா, மில் நின்னதும் கெப்பாசிட்டர் சுவிட்சை அணைச்சிடுங்க. அது ஒண்ணு போதும். மறந்துடாதீங்க, அடைச்ச கொட்டகை, ஃபேன் நின்னா கோழி தாங்காது."

ஆர்டர் சொல்கிற வேலையைத் தனப்பிரியா ஏற்றுக்கொண்டாள். அந்த வீட்டில் போன் விவகாரமெல்லாம் அவள்தான்.

முதல் இரண்டு நாள் ஆத்தாயி ஒழுங்காக அணைத்தாள். எதிர்ப் பக்க மின்விசிறிகள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடின. முட்டை ஏற்றுகிற வண்டி வந்தது, அட்டை அட்டையாக ஏற்றிக்கொண்டு போனது. ஜன்னலில் நின்று பார்த்தாள். நான் அணைத்து வைக்கிறேன், அவளுக்கு முட்டை ஏறுகிறது என்று தோன்றியது. தன் கொட்டகைக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு சாக்கு நிழலில் ஒண்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் அரவை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். கெப்பாசிட்டர் சுவிட்சைத் தொடவில்லை. மறதி இல்லை. அதன் முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

அதிலிருந்து தினமும் எதிரே ஒரு தரமாவது மின்விசிறிகள் தடுமாறும். காத்தான் ஓடுவார். ஆத்தாயி அரிசியும்பருப்பும் தாளித்துக்கொண்டே அதைப் பார்ப்பாள்.

"அணைச்சயா?" என்று சின்னண்ணன் கேட்பார்.

"அதுக்குன்னு ஒருக்கா நடக்கோணுமாக்கும்? அவ சோக்கு எங்க? வந்தா எல்லாஞ் செரியாப் போயிரும்ல?"

"கோயமுத்தூர்ல செய்யறதுக்கு நாளாகுதாம்."

"ஆகட்டும்."

சித்திரையில் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணம். எல்லோரும் தனப்பிரியாவின் காரில் போவதாக ஏற்பாடு. ஆத்தாயிக்கு அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார மனம் வரவில்லை. தலைவலி என்றாள். சின்னண்ணன் சலவை வேட்டியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உச்சிப்பொழுது. காற்று அசையவில்லை. பழைய சோற்றில் மோர் ஊற்றி வெங்காயத்தைக் கடித்தபோது எதிரே மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. வழக்கம்போல் காத்தான் ஓடினார். ஓட ஆரம்பித்தன. மறுபடியும் நின்றன. சைரன் ஊளையிட்டது. காத்தான் வரப்புக்கு வந்து கத்தினார்.

"அம்மிணி, ஃபேனு ஓட மாட்டீங்குதுங்க, பட்டன அமுக்க அமுக்க ட்ரிப்பாகுது. அவங்க போனும் எடுக்கல. உங்க சுவிச்சு ஆஃபுல இருக்குதுங்களா?"

"இருக்குது" என்றாள் ஆத்தாயி.

சொல்லிவிட்டாள். வாய் அதுவாகச் சொன்னது. காத்தான் திரும்பி ஓடி, ஓரப் படுதாவைத் தூக்கிக் கட்டப் பார்த்தார். ஒற்றை ஆள், நீளக் கொட்டகை.

ஆத்தாயி கை கழுவினாள். மெதுவாக மில்லுக்குப் போனாள். பேனலுக்கு முன்னால் நின்றாள். சாமந்திச் சரம் காய்ந்து கிடந்தது. கெப்பாசிட்டர்கள் ர்ர்ரென்று இரைந்தன. ஒரே ஒரு தடவை அவளுக்கும் நஷ்டம் என்றால் என்ன என்று தெரியட்டும், ஊரே பார்த்து வாயைப் பிளந்த கொட்டகை ஒரே ஒரு நாள் நாறட்டும் என்று மனம் சொல்லியது. சுவிட்சின் கைப்பிடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கையை நீட்டவில்லை.

அந்தக் கொட்டகைக்குள் கோழிகள் கூச்சல் போட்டன. ஆத்தாயிக்குக் கோழிச் சத்தம் தெரியும். பசிக்கு ஒரு சத்தம், பாம்புக்கு ஒரு சத்தம். இது மூச்சுக்கு. கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு மூலையில் அந்தக் கூச்சல் அடங்க ஆரம்பித்தது. அடங்குவது என்றால் என்ன என்றும் அவளுக்குத் தெரியும். கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

"காத்தா, இப்பப் போடு" என்று வரப்புக்கு ஓடி வந்து கத்தினாள். "ஓடும், போடு."

மின்விசிறிகள் முனகி, சுழன்று, வேகமெடுத்தன. உள்ளே வெந்துகொண்டிருந்த காற்று மொத்தமும் வரப்பில் நின்ற ஆத்தாயியின் முகத்தில் வந்து மோதியது. அவள் நகரவில்லை.

கல்யாணத்துக்குப் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். ஒரு மூலைக் கூண்டுகள் முழுக்கச் செத்திருந்தன. ஆண்கள் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். தனப்பிரியா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செத்த கோழிகளை எடுத்துக் கூடையில் போட்டாள். ஆத்தாயியும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தாள். கோழிகள் இன்னும் சூடாக இருந்தன.

"எங்கண்ணே பட்டிருச்சுங்க்கா" என்றாள் தனப்பிரியா. மூக்கை உறிஞ்சினாள். "நேத்துப் பொழுதோட நின்னு ஆசையாப் பாத்தனுங்க. இத்தனையும் நம்மளுதான்னு நெனச்சேன். அதுதே."

ஆத்தாயி இன்னும் இரண்டு கோழிகளைக் கூடையில் போட்டாள். தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். காத்தானுக்கும் ஒன்றும் தெரியாது.

"கண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். "என்ற கெப்பாசிட்டரு. மில்லு நின்னுருந்துச்சு, அது ஓடிட்டு இருந்துச்சு. காத்தான் கேட்டான். ஆஃபுல இருக்குதுன்னு சொல்லிப் போட்டேன்."

"மறந்துட்டீங்ளா?"

"மறக்கல."

தனப்பிரியாவின் கை கூடையின் விளிம்பில் நின்றது. ஆத்தாயி திட்டை எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மனநிலையில்தான் இருந்தாள். தனப்பிரியா கையில் இருந்த கோழியை மெதுவாகக் கூடையில் வைத்தாள்.

"சோக்கு வாரதுக்கு நாளாகுதுன்னு சொன்னனுங்களே."

"ஆமா."

"நா ஆர்டரே சொல்லலீங்க்கா. அவுரு கேக்கறப்பெல்லாம் சொல்லியாச்சுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"இப்பிடியே ஓடுனா உங்க மோட்டாரு புகைஞ்சு போயிரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. புகையட்டும்னு இருந்தேன். மில்லு நின்னா நாம ஒண்ணு போட்டுக்கலாம், பொறகு அக்கா வந்து நிக்கட்டும்னு. வெயில்ல நின்ன ஒவ்வொரு நாளும் அந்த மில்லத்தே பாத்துட்டு நிப்பேன். ஊரே உங்க தீவனத்தத்தே பேசுது. என்ற கொட்டாய எவ பேசறா, ஃபேனத்தே பேசறாளுக."

ஆத்தாயிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் என்னைக் குற்றவாளி ஆக்கி வைத்தாயே என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள். இந்தக் கொட்டகையும் காரும் வைத்திருக்கிறவள், என் மாவு படிந்த மில்லைப் பார்த்து. செத்த கோழி கையில் இருக்கும்போது சந்தோஷப்படக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பட்டாள்.

"நாளைக்குப் போன் போடு" என்றாள். "எனக்குஞ் சேத்து."

"போடறனுங்க்கா."

கூடையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போனார்கள். அன்று யாரும் மிளகாய் சுற்றவில்லை.

வைகாசி பிறந்ததும் ஒரு வேனில் சோக்குகள் வந்தன. அறிவுச்செல்வியும் ராசுவும் நின்று மாட்டினார்கள். மில்லில் பாதி கெப்பாசிட்டர்களைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். பேனலில் வெற்றிடம் தெரிந்தது. மீட்டர் திரையில் கொம்புகள் மழுங்கி, அலை ஏறக்குறைய உருண்டையாகிவிட்டது. மோட்டாரில் கை வைத்தால் வைத்தபடி இருக்க முடிந்தது. எதிரே மின்விசிறிகள் நிற்காமல் ஓடின. எல்லோருக்கும் திருப்தி.

ஆத்தாயி எதிர்ப் பேனல் ரூமுக்குப் போய் வரிசையாக நின்ற சோக்குகளைப் பார்த்துவிட்டு வந்தாள். தன் மில்லில் இருந்ததையும் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, எங்களுது மட்டும் ஒத்தையா, இம்புட்டூண்டு இருக்குது?"

"உங்களுக்கு இது போதும்ங்கம்மா. இதுக்கு மேல போட்டா மறுபடியும் என்னைத்தான் கூப்பிடுவீங்க" என்றாள் அறிவுச்செல்வி.

வாசலில் மக்காச்சோள வண்டி வந்து நின்றது. தனப்பிரியா இறங்கி நிழலுக்குள் வந்தாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வந்தவள் ஆத்தாயியைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த அரவையைப் பார்த்தாள், கொட்டுகிற மாவைப் பார்த்தாள், புதுச் செம்பு மினுக்கும் அந்த ஒற்றைச் சோக்கைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை.

ஆத்தாயி முந்தானையால் சோக்குப் பெட்டியின் மேல் படிந்திருந்த மாவைத் துடைத்துவிட்டு, இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஓரமாக நகர்ந்து நின்றாள்.